பன்னிரண்டு பீப்பாய்த் தண்ணீர்

சங்கரன்கோவிலில் ஒரு தெருவுக்கு மட்டும் அந்தக் காலத்தில் சாயங்காலம் ஆறு மணி ஊளையிட்டுக்கொண்டு வரும். துரைப்பாண்டி தம் வீட்டு மொட்டைமாடியில் ஏறி, மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, கையால் சுற்றும் அபாயச் சங்கைப் பத்துச் சுற்றுச் சுற்றுவார். சங்கு முதலில் முனகும், பிறகு அழும், கடைசியில் ஊர் நாய்களை எல்லாம் துணைக்குச் சேர்த்துக்கொண்டு ஒப்பாரி வைக்கும். சத்தம் கேட்டு யாரும் பதுங்கு குழி தேடி ஓடியதில்லை. தறியில் இருப்பவர்கள் ஊடுநூல் ஓட்டும் நாடாவை நிறுத்திவிட்டுக் கையை உதறுவார்கள். பெண்கள் அடுப்பைப் பற்ற வைப்பார்கள். ஆடு பத்திக்கொண்டு திரும்புகிற பேச்சி, "அண்ணாச்சி இன்னிக்கு ரெண்டு நிமிசம் பிந்திட்டாரு" என்று ஆடுகளிடம் சொல்லிக்கொண்டு போவாள். குண்டு வீச வரும் விமானத்தைக் கண்டு எச்சரிப்பதற்காகச் செய்த சங்கு, எங்கள் தெருவுக்கு உலை வைக்கிற மணியாக உத்தியோகம் பார்த்தது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஊளைக்குப் பின்னாலேயே கம்பஞ்சோறு கொதிக்கிற வாசனையும் வருகிறது.

துரைப்பாண்டி இதை வேடிக்கைக்குச் செய்யவில்லை. நாற்பத்திரண்டாம் வருஷம் அவருக்குக் கொழும்பில் புகையிலைக் கடை இருந்தது. ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட அன்று, கடைக்குப் பின்னால் இருந்த சரக்கறையில் விளக்கும் தண்ணீரும் இல்லாமல் அடைந்து கிடந்தார். உயிர் தப்பி ஊருக்கு வந்து அந்தக் கதையைச் சொன்னபோது அது மூன்று நாளாக இருந்தது. ஐம்பத்தொன்றாம் வருஷத்துக்குள் எட்டு நாளாக வளர்ந்துவிட்டது. நாள் கணக்கு முன்பின்னாக இருக்கலாம். ஆனால் "நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு" என்று சொல்லும்போது அவருடைய குரல் நிஜமாகவே வறண்டுபோகும். அந்தத் தாகத்தில் பொய் இல்லை.

கொரியாவில் சண்டை என்று பேப்பரில் வந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் குறைந்தது. "மூணாவது சண்டை வந்தாச்சுன்னே வச்சுக்கோரும். ரயில் நின்னுரும். கரண்டு நின்னுரும். கடை அடைச்சிருவான். அஞ்சு வருசத்துக்கு வெளியிலேருந்து ஒரு துரும்பு வராம நாம பொழைக்கணும் வே!" என்பார். கேட்கிறவர்கள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். ஊரில் நாலு தெருவுக்குத்தான் அப்போது கரண்டு வந்திருந்தது. தலையாட்டியவர்களில் பாதிப்பேர் ரயிலில் ஏறியதே இல்லை. கரண்டு இல்லாமல் பிழைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதே அவர்களுக்குப் புதுத் தகவல்.

இதற்காக அவர் "ஆபத்துக் கால முன்னேற்பாட்டுச் சபை" ஒன்றைத் தொடங்கினார். தலைவர் அவர். செயலாளர், கோர்ட்டில் நகல் எழுதி ஓய்வு பெற்ற சங்கரபாண்டியன். மற்ற உறுப்பினர்களைச் சபை தேடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஓர் ஓலைக் கொட்டகை போட்டு, போன சண்டை முடிந்து மிலிட்டரிக்காரர்கள் விட்ட ஏலத்தில் எடுத்ததை எல்லாம் அதில் அடுக்கினார்கள். ஒவ்வொரு ஏலத்திலும் தரம் உயரும். முதல் ஏலத்தில் அரிக்கேன் விளக்கு வந்தது. அடுத்த ஏலத்தில் அது போதாது என்று பெட்ரோமாக்ஸ் வந்தது. அதற்கடுத்து மிலிட்டரி பாட்டரி விளக்கு. வீட்டில் அவர் மனைவி முத்துத்தாய் மட்டும் கண்ணாடி உடைந்த சிம்னி விளக்கில்தான் சமைத்தாள். நல்ல விளக்கெல்லாம் ரிசர்வ். பம்ப் ஸ்டவ்வும் ரிசர்வ். பாட்டரி ரேடியோ ஒன்று இருந்தது. பாட்டரி தீர்ந்துவிடும் என்று அதில் யாரும் ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்லை. நெருப்பு அணைக்க ரப்பர்க் குழாய் வைத்த கைப்பம்பு ஒன்று, வாங்கி வந்த காகிதம் பிரியாமல் ஆணியில் தொங்கியது.

எல்லாவற்றுக்கும் சிகரம், பன்னிரண்டு இரும்புப் பீப்பாய்த் தண்ணீர். சபை பிறக்குமுன்பே, நாற்பத்தொன்பதில் கடைசியாகப் பெய்த மழையில் பிடித்து, யாரும் கை வைக்காதபடி மூடியைச் சுற்றி ஈயம் வைத்து அடைத்தது. அதன் பிறகு மழை இல்லை. ஊர்க் கிணற்றில் பெண்கள் விடியுமுன் போய் வரிசை போட்டு, வீட்டுக்கு இரண்டு குடம் எடுத்து வந்தார்கள். அந்த இரண்டில்தான் குடிப்பது, பொங்குவது எல்லாம்.

"ஒரு பீப்பாயைத் திறந்து தெருவுக்குக் குடுத்தா என்ன?" என்று முத்துத்தாய் ஒருநாள் கேட்டாள்.

"அது ஆபத்துக்கு வச்சிருக்கு."

"இது என்னவாம்?"

"இது வெறும் வறட்சி" என்றார் துரைப்பாண்டி.

கொட்டகையின் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தங்கப்பழத்தின் வீடு. ஒரே அறை, அதில் ஒரு குழித்தறி, மேலே பனையோலை. மூன்று மாதம் நூல் கிடைக்காமல் தறி சும்மா கிடந்தது. புரட்டாசி பிறந்ததும் எப்படியோ நூல் கிடைத்து, நீளவாட்டுப் பாவு நூலைத் தறியில் ஏற்றி, பத்துச் சேலைக்கு நெய்யத் தொடங்கியிருந்தான். அந்த வாரம்தான் துரைப்பாண்டி மண்ணெண்ணெய்ப் பீப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து, சரியாக அந்தச் சுவரில் சாத்தி வைத்தார்.

தங்கப்பழத்தின் மனைவி ஞானபூரணம் மறுநாளே வந்தாள். "அண்ணாச்சி, அந்த எண்ணெப் பீப்பாயைக் கொஞ்சம் அங்கன தள்ளி வையுங்களேன். சுவத்துக்கு இந்தால தறி. மேல ஓலை. ஒரு பொறி பட்டாப் போதும். இந்தப் பாவு போச்சுன்னா நாங்க தறியை வித்துட்டு மில்லு வேலைக்கு ஊரை விட்டுத்தான் போணும்."

துரைப்பாண்டி பதில் சொல்வதற்குள் சங்கரபாண்டியன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வாயால சொன்னாச் செல்லாதும்மா. மனுவா எழுதிக் குடு."

"எனக்கு எழுதத் தெரியாதே."

"அதனாலென்ன, நான் எழுதுதேன்." அவரே எழுதினார், அவளுக்கு அவரே படித்துக் காட்டினார், கைநாட்டு வாங்கினார். பிறகு எழுந்து இரண்டடி நடந்து, தலைவர் அவர்களின் மேலான பார்வைக்கு என்று நீட்டினார். தலைவர் அதை முழுக்கப் படித்து, அடியில் "பரிசீலிக்கப்படும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"என்ன எழுதியிருக்கீய?" என்றாள் ஞானபூரணம்.

"பரிசீலிப்போம்னு."

"பீப்பாயை எப்பத் தள்ளுவீய?"

"பரிசீலிச்ச பெறகு."

ஞானபூரணம் வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். தங்கப்பழம் நாடாவை நிறுத்தவில்லை. "கைநாட்டு வச்சியா?" என்றான். "வச்சேன்" என்றாள். "அப்பப் பீப்பாய் நம்ம சம்மதத்தோடதான் நிக்கி" என்றான்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்குத் தறி நிற்கும். நாடா, அச்சுக்கட்டை, கத்தரிக்கோல் எல்லாம் சந்தனம் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் எதையும் தொட மாட்டார்கள். வருஷமெல்லாம் காது அடைக்கிற தறிச் சத்தம் அடங்கி, அன்று ஒருநாள் மட்டும் தெருவில் குருவிச் சத்தம் கேட்கும். அவல் பொரி, சுண்டல், கரும்புத் துண்டு; அந்த மத்தியானத்து அமைதி மாதிரி ஒரு அமைதி பிறகு எப்போதும் வாய்த்ததில்லை.

அந்த வருஷம் துரைப்பாண்டியின் கொட்டகையில் இருபத்து மூன்று உருப்படிகளுக்குப் பூஜை. மொட்டைமாடியிலிருந்து அபாயச் சங்கையும் இறக்கி வந்து, மாலை போட்டு நடுவில் வைத்தார்கள். கைப்பம்பின் காகிதத்தின் மேலேயே குங்குமம் வைத்தார்கள். கொட்டகை முழுக்கக் கலர்க் காகிதத் தோரணம். ஒரு குத்துவிளக்கு போதும் என்றாள் முத்துத்தாய். உருப்படிக்கு ஓர் அகல் என்பது சங்கரபாண்டியனின் யோசனை.

"எண்ணெப் பீப்பாய்க்குமா வே?" என்று தலைவருக்கே ஒரு சந்தேகம் வந்தது.

"அதுவும் உருப்படிதானே" என்றார் செயலாளர்.

தெருவே வந்து சுண்டல் வாங்கிப் போனது. மூன்று மணிக்குக் காற்று எழுந்தது. ஒரு தோரணம் அறுந்து அகலில் விழுந்தது. அது எரிந்துகொண்டே போய் ஓலையைத் தொட்டது.

முதலில் பார்த்தவள் முத்துத்தாய். "தீ! தீ!" என்று கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்து கைப்பம்பை ஆணியிலிருந்து பிடுங்கினாள். பின்னால் வந்த துரைப்பாண்டி பதறிப்போனார்.

"ஏட்டி, தொடாத! மறுபூஜை ஆகலை!"

முத்துத்தாய் அவரைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது வருஷ தாம்பத்தியத்தில் அப்படி ஒரு பார்வையை அவர் கண்டதில்லை. "கொட்டகை எரியுது! மறுபூஜையைச் சாம்பலுக்கா போடுவீய?" என்று சொல்லி, குழாயைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். வீட்டில் மிச்சமிருந்த வாளித் தண்ணீரில் பம்பை நட்டு அழுத்தினாள். பம்பு "புஸ்" என்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடி "புஸ்". வாங்கிய நாளிலிருந்து தண்ணீர் காணாத தோல் வாஷர் காய்ந்து கருவாடாகியிருந்தது. அடக்க முடியாத ஆத்திரத்தில் அவள் எரிகிற ஓலையைக் கையாலேயே இழுத்தாள். உள்ளங்கை வெந்தது.

துரைப்பாண்டிக்கு அப்போதுதான் சங்கு ஞாபகம் வந்தது. மாலையும் சந்தனமுமாக அது நெருப்புக்கு நடுவில் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் அவர் தம் சொந்தத் தொண்டையால் கத்தினார். "ஏலே, ஓடி வாங்கலே! தீப்பிடிச்சுட்டுலே!" இத்தனை வருஷமாக ஊரை எச்சரித்து வந்தவரின் குரலை ஊர் அன்றுதான் கேட்டது. கேட்டதும் வந்தது.

பக்கத்து வீட்டில் ஞானபூரணம் தறியின் முன் ஓடி வந்து நின்றாள். அங்கேயும் சந்தனம், அங்கேயும் பூ. அவள் தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சரஸ்வதித் தாயே, உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு, கயிற்றை அறுத்துப் பாவு நூலைச் சுருட்டத் தொடங்கினாள். தங்கப்பழம் சுவர் ஏறிக் குதித்தான்; பேச்சியின் புருஷனும் இன்னும் இரண்டு பேரும் பின்னால் குதித்தார்கள். சூடேறிக்கொண்டிருந்த மண்ணெண்ணெய்ப் பீப்பாயைச் சாய்த்து, காலால் உருட்டி, தெருவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பரிசீலனை இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

தெருவில் இதற்குள் வரிசை நின்றுவிட்டது. வாரம் ஒருமுறை யாராவது பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்து, விறைப்பேறக் கஞ்சி தடவுவார்கள். அப்போது அழைக்காமலே எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்து இரண்டு பக்கமும் கைகொடுப்பார்கள். யார் எங்கே நிற்பது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதே வரிசை, அதே இடைவெளி. கைமாறி வந்தது தண்ணீர்க் குடம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும், இரண்டு குடத்தில் மிச்சம் இருந்தது அத்தனையும். அடுத்த நாள் விடியும்வரை குடிக்கவும் பொங்கவும் வைத்திருந்த தண்ணீர். ஒருத்தியாவது ஒரு குடத்தை ஒளித்து வைத்தாளா என்றால் இல்லை. முதல் குடங்கள் தங்கப்பழத்தின் கூரையை நனைத்தன. மற்றதெல்லாம் கொட்டகையில் கொட்டின. ஈயம் வைத்து அடைத்த பன்னிரண்டு பீப்பாய்களும் நெருப்புக்கு இரண்டு முழத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

நெருப்பு அடங்கியது. பாதிக் கொட்டகை போய்விட்டது. தறி பிழைத்தது. தெருவில் எந்த வீட்டிலும் நாக்கை நனைக்கத் தண்ணீர் இல்லை.

பிள்ளைகள் தாகத்துக்கு அழுகிற சத்தம் கேட்டபோது துரைப்பாண்டி உளியும் சுத்தியலும் எடுத்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே எடுத்தார். "எல்லாரும் குடத்தைக் கொண்டாங்க" என்றார். தெரு கூடி நின்றது. ஈயம் உடைந்தது. மூடி திறந்தது. செம்மண் கரைத்தது மாதிரித் துரு. அதற்கு மேல் பீப்பாயின் பழைய வாழ்க்கையை நினைவூட்டும் பெட்ரோல் வாடை. அடுத்ததைத் திறந்தார். அதுவும் அப்படியே. பன்னிரண்டையும் திறந்தார். பேச்சியின் ஆடு ஒன்று எட்டிப் பார்த்து, மோந்து, தும்மிவிட்டுப் போனது.

யாரும் சிரிக்கவில்லை. வெறுங்குடத்தோடு திரும்பிப் போனார்கள். அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

"கவலைப்படாதீரும்" என்றார் சங்கரபாண்டியன், முகத்தில் கரியோடு. "அடுத்த தடவை துருப்பிடிக்காத, கலாய் பூசின பீப்பாயா வாங்கிருவோம். இன்னும் கொஞ்சம் தரமா."

துரைப்பாண்டி உளியைக் கீழே போட்டார். "வீட்டுக்குப் போரும் வே" என்றார்.

முத்துத்தாயின் கைக்குக் கற்றாழைச் சோறு தடவிக்கொண்டே அவர் மெள்ளச் சொன்னார்: "கொழும்புல நான் எட்டு நாள் கிடக்கலை. ஒரு பகலும் ஒரு ராத்திரியுந்தான்."

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். ரெண்டு வருசத்துக்கு ஒரு நாள் கூடுச்சுல்லா."

அவர் இன்னொரு கற்றாழை மடலைக் கீறினார். "ஒண்ணு மட்டும் ஊருக்குத் தெரியாது. மறுநா காலையில கதவைத் தட்டி ஒரு செம்புத் தண்ணி குடுத்தவன், பக்கத்துக் கடைச் சிங்களத்துக்காரன். எனக்கும் அவனுக்கும் ரெண்டு வருசமாப் பேச்சே கிடையாது. என் தண்ணி இவ்வளவுதான்னு பாதியை எனக்கு ஊத்துனான். அதை நான் ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல."

"ஏன்?"

"சொன்னா என் கதையில நான் சின்ன ஆளாப் போயிருவேன்லா."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஊர்க் கிணற்று வரிசையில் ஒரு செப்புக் குடத்தோடு துரைப்பாண்டி நின்றார். ஆம்பிளை நிற்கிற வரிசை இல்லை அது. பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, குடத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீய" என்றாள் பேச்சி.

வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்த ஒரு மண்குடத்தை யாரோ தூக்கி முன்னால் வைத்தார்கள்.

"அது ஏன் முந்துது?" என்றார் துரைப்பாண்டி.

"பிள்ளை பெத்த வீடு அண்ணாச்சி."

"யாரு உத்தரவு?"

"இதுக்கு உத்தரவு வேற போடணுமோ?" என்று சிரித்தாள் பேச்சி.

சற்று நேரத்தில் அவருடைய செப்புக் குடமும் முன்னால் போனது. ஞானபூரணம்தான் எடுத்து வைத்தாள். "மதினிக்குக் கை வெந்து கிடக்கு. நீங்க முதல்ல எடுத்துட்டுப் போங்க."

அவள் கேட்ட ஒரு பீப்பாயைத் தள்ளி வைக்க அவருக்கு மனு தேவைப்பட்டது. அவருடைய குடத்தை முன்னால் வைக்க அவளுக்கு எதுவும் தேவைப்படவில்லை. கிணற்றுக் கல்லைப் பிடித்துக்கொண்டு அவர் தலை குனிந்து நின்றார்.

"பூரணம், நான் சேர்த்து வச்சதெல்லாம் வீணுதானே? ஏலத்துல போட்டுரட்டுமா?"

"வீணுன்னு யாரு சொன்னா?" என்றாள் அவள், வாளியை இறக்கிக்கொண்டே. "பம்பு நல்ல சாமான். அதைத் தெரு முக்குல வையுங்க. வாரம் ஒருநாள் தண்ணி ஊத்தி அடிச்சுப் பாப்போம், எங்க எல்லாருக்கும் பழக்கிக் குடுங்க. விளக்கைப் பேறுகாலத்து வீட்டுக்குக் குடுங்க. பீப்பாயைத் தேய்ச்சு, வண்டியில ஏத்தி எங்கன தண்ணி இருக்கோ அங்கன போய் மொண்டுட்டு வாங்க. பூட்டி வச்ச சாமான் கும்பிடத்தான் ஆகும் அண்ணாச்சி, ஆபத்துக்கு ஆகாது. ஆபத்துக்குன்னு முதல்ல சேர்த்து வைக்க வேண்டியது அக்கம்பக்கத்து மனுசரை. அவுக இருந்தா இந்தச் சாமானெல்லாம் உசிரைக் காக்கும். அவுக இல்லைன்னா, அதுகளைக் காக்கவே உங்களுக்கு ஒரு உசிரு பத்தாது."

சொல்லிவிட்டு, இறைத்த தண்ணீரை அவருடைய குடத்தில் கழுத்து மட்டும் ஊற்றினாள்.